எறியப்படாத பந்துகள்

கையால் ஆடும் ஆட்டத்துக்குக்
கால்பந்து என்று பெயர் வைத்த தேசம் இது.
நெப்ராஸ்காவில் டிசம்பரின் முதல் திங்கள்.
சலவைக்கடையின் மூன்றாம் இயந்திரத்தில்
என் மகனின் போர்வைகள் சுழல,
மடியில் வாக்குத்தாள்.
இருபத்திரண்டு இடங்கள்,
உதைப்பவனையும் சேர்த்தால் இருபத்திமூன்று.
இரவு பத்துக்குள் அனுப்ப வேண்டும்.
ஐம்பத்தைந்து ஆட்டங்களில்
வானொலிக்காக நேரில் கண்டது முப்பத்தொன்று.
மீதியைக் கணினித் திரையில்,
பையன் தூங்கிய பிறகு.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்;
முதல் வரி குவார்ட்டர்பேக்குக்கு.
இதில் தகராறே இல்லை.
கோல்பி ஸ்ட்ராண்ட். முப்பத்தெட்டு டச்டவுன்.
பேட்டியில் கடவுளுக்கும் அம்மாவுக்கும்
சரியான வரிசையில் நன்றி சொல்கிற பிள்ளை.
எழுதினேன்.
மை காய்வதற்குள் மறந்தும்விட்டேன்.

பந்தோடு ஓடுகிறவன்: மார்க்கீஸ் அப்ஷா.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.
அக்டோபர் மழையில் நாலு பேர் அவனை அமுக்க,
'விழுந்தான்' என்று நான் மைக்கில் சொல்லி முடித்தபோது
அவன் கோட்டைத் தாண்டிப் போய்
நடுவரிடம் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.
அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாக இந்த வாக்கு
என்று யாராவது சொல்லலாம்.
சொல்லட்டும்.

பிறகு, கனத்த உடம்புக்காரர்களின் ஐந்து வரிகள்.
இவர்களுக்கு எண்ணிக்கை எதுவும் கிடையாது.
இடது கார்டு ஓட்டிஸ் ஹ்ரூஸ்கா பெயரை
பருவம் முழுக்க இரண்டு தடவை சொன்னேன்.
இரண்டும் பெனால்டி.
அவன் செய்த வேலையைப் பார்க்க
கோல்பியின் சட்டையைப் பார்க்க வேண்டும்:
நவம்பர் சேற்றிலும் வெள்ளையாக இருந்தது.
சலவைக்கடையில் உட்கார்ந்து
இதை நினைக்கையில் சிரிப்பு வருகிறது.
பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.
ஹ்ரூஸ்கா. எழுத்துப் பிழையில்லாமல்,
கொஞ்சம் பெரிதாகவே.

லைன்பேக்கர்கள் மூவரும் சட்டென்று வந்தார்கள்.
கார்னர்பேக்கில்தான் பேனா நின்றது.

இரண்டு இடங்களில் ஒன்று போய்விட்டது.
மிச்சம் ஒன்றுக்கு இரண்டு பேர், ஒரே அணி.
வலப்பக்கம் லேன் டிட்மார்:
எதிரியின் பந்தை ஏழு தடவை பறித்தவன்,
ஏழையும் ஊர் முழுக்கக் கைப்பேசியில் பார்த்திருக்கிறது.
இடப்பக்கம் தாரியன் பெட்டிகுரூ:
பறித்தது சுழியம்.
தட்டிவிட்டது இரண்டு.
அவன் பெயருக்கு நேரே வெறும் வெள்ளைத்தாள்.

மதியம் எதிரணிப் பயிற்சியாளர் ஒருவரைக்
கூப்பிட்டுக் கேட்டேன்.
"இடப்பக்கமா?
அந்தப் பக்கம் மைதானமே கிடையாது என்று
பையன்களிடம் சொல்லிவிட்டேனே" என்றார்.

பத்து சனிக்கிழமைகள்
வராத பந்துக்காகப் பின்னோக்கி ஓடியிருக்கிறான்,
இடுப்பைத் திருப்பி, கையை விரித்து,
ஒவ்வொரு தடவையும் வரப்போகிறது என்பதுபோல.
கேமரா அவனை விட்டுவிட்டு
எப்போதும் மறுபக்கம் போனது. என் குரலும்.
பந்தெல்லாம் வலப்பக்கம் போனதால்
லேனுக்கு ஏழு கிடைத்தது.
ஒருவன் வாசலை அடைத்து நிற்க
மற்றவன் ஜன்னலில் திருடனைப் பிடித்திருக்கிறான்.
லேன் மேல் குற்றமில்லை; பிடிக்கவும் கை வேண்டும்.
ஆனாலும்.

லேனின் அப்பா
எங்கள் நிலையத்துக்கு டிராக்டர் விளம்பரம் தருகிறவர்.
பட்டியல் வெளியானதும் கூப்பிடுவார்.
'ஏழு' என்பார், 'ஏழும்மா' என்பார்.
என்னிடம் இருப்பதோ
நடக்காத ஒன்றின் கணக்கு;
அதைத் தொலைபேசியில் எப்படி விளக்குவது?

தாரியன் பெட்டிகுரூ என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை,
குளிர் மட்டும்தான்.

இயந்திரம் நின்றுவிட்டது.
போர்வைகளை உலர்த்தியில் போட்டுக் காசு தேடினேன்.
மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.
இந்த ஆட்டத்தில்
பந்தை உதைப்பதற்கென்றே இருக்கிறவன்,
கடைசி வரிக்காரன்,
இன்னும் காலியாக இருக்கிறான்.